தோற்கச் சொல்லி ஓர் அர்ச்சனை

என் வருங்கால மருமகன் ஒரு கோடீஸ்வரன் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. சூரிச்சில் லாங்ஸ்ட்ராசத் தெருப் பக்கத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமும், வின்டர்தூர் பிள்ளையார் கோவில் வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தவர்களிடமும், கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும் சொல்லியும் முடித்துவிட்டேன்.

இதில் என் பிழை பாதிதான். மீதி மகளுடையது. அவள் பாசல் நகரத்தில் ஒரு மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, தன்னோடு வேலை செய்கிற ஐரிஷ்காரர் ஒருவரைக் கட்டப்போவதாகச் சொன்னாள். என் மனைவி அழுவதா சிரிப்பதா என்று முடிவெடுக்க முன்னமே, "அவர் ஊரில ஹர்லிங் விளையாடுறவர் அப்பா, கவுண்டி அணியில இருந்தவர்" என்று போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி. பெரிய மைதானம். முப்பது ஆம்பிளைகள் ஆளுக்கொரு மட்டையோடு ஒரு சின்னப் பந்துக்காக அடிபட்டார்கள். அந்த மட்டை, அகப்பைக்கும் ஹொக்கி மட்டைக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. பந்தைத் தரையில் அடித்தார்கள், ஆகாயத்தில் அடித்தார்கள், இடையில் யாரும் நின்றால் அவரையும் சேர்த்து அடித்தார்கள். நான் பந்தைப் பார்க்கவில்லை. சுற்றிவர இருந்த சனத்தைப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் தலைகள். அத்தனை தலையும் டிக்கெட் வாங்கித்தானே உள்ளே வந்திருக்கும்?

"பெடியன் நல்ல பெடியன் போலத்தான் கிடக்கு" என்றேன்.

அந்த நல்ல பெடியன் முதன்முதல் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது, நான் யன்னலால் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன கார் என்று பார்க்கத்தான். கார் வரவில்லை. பஸ் வந்தது. அதிலிருந்து தோளில் நீளமான பையோடு நெடிய ஆள் ஒருவர் இறங்கினார். பஸ் போனபிறகு பணப்பையைத் திறந்து அரைவிலை ரயில் அட்டை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தார். கோடீஸ்வரனுக்கு எதற்கு அரைவிலை அட்டை?

எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஜெர்மன். அது அவருக்கும் ஒழுங்காக வராது, எனக்கும் வராது. அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். முடியாத இடத்தில் மகள் மொழிபெயர்த்தாள். நான் முதியோர் இல்லமொன்றில் சமையல்காரன். சாப்பிடுகிற விதத்தை வைத்து ஆளை எடைபோடுவேன். இவர் நண்டுக்கறியைக் கையால் சாப்பிட்டார். அப்போதுதான் விரல்களைக் கண்டேன். இடதுகை மோதிரவிரல் வடகிழக்கைப் பார்த்தது. சுண்டுவிரலுக்கு அந்தத் திசை பிடிக்கவில்லை.

"இந்தக் கையால மூண்டு முடிச்சு எப்பிடிப் போடப்போறார்?" என்று மனைவி என் காதுக்குள் கேட்டாள்.

எனக்கு முடிச்சு முக்கியமில்லை. சும்மா கதைக்கிற மாதிரி, "கவுண்டிக்கு விளையாடினால் என்ன மாதிரிச் சம்பளம்?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் கேட்டாள். அவர் சிரித்தார்.

"ஒண்டும் இல்லையாம் அப்பா."

"ஒண்டும் எண்டால்? குறைவோ?"

"ஒண்டும் எண்டால் ஒண்டும் இல்லை. ஒருத்தருக்கும் இல்லை. எல்லாரும் வேலைக்குப் போய் வந்துதான் விளையாடுறவை. வாத்தியார், தச்சு வேலை, பாங்க், தோட்டம்."

"அப்ப அந்தச் சனம்? டிக்கெட்?"

"அது மைதானத்துக்கும் சின்னப் பிள்ளையளைப் பழக்கிறதுக்கும் போகுமாம்."

மனைவி பெரிய நண்டுக்கால் ஒன்றை எடுத்து அவருடைய கோப்பையில் வைத்தாள். "பாவம், சாப்பிடட்டும்."

சாப்பாட்டு மேசையிலேயே அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதையும் கேட்டு அறிந்தேன். சோற்றுப்பானை கோல் ஆனது, ஊறுகாய்ப் போத்தல் அவர் ஆனார். பிறந்தது ஒரு பங்கில். பங்கு என்றால் ஒரு மாதா கோவில், ஒரு பள்ளிக்கூடம், பியர் குடிக்க இரண்டு தவறணை, ஒரு மைதானம். அந்தப் பங்குக்கு ஒரு கிளப். அங்கே பிறந்தவன் அந்தக் கிளப்புக்குத்தான் விளையாடுவான். பக்கத்துப் பங்கு நல்ல அணி என்று அங்கே போய்விட முடியாதாம். நடக்கப் பழகிய கையோடு உயரத்துக்கு ஏற்ற மட்டை ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னரே கிளப்பின் பெரிய அணிக்குக் கோல்கீப்பர். முந்தின கோல்கீப்பருக்கு முழங்கால் போய்விட்டதால் வந்த பதவி.

பிறகு கவுண்டி கூப்பிட்டது. ஆறு வருடம் கவுண்டி அணியில் இருந்தார். அந்த ஆறு வருடமும் மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தார். ஏனென்றால் அவர் இரண்டாவது கோல்கீப்பர். வேலை முடிந்து மழைக்குள் கார் ஓடி, மாவட்டத்தின் மற்ற மூலைக்குப் போய்ப் பயிற்சி செய்து, வீடு திரும்பி, காலையில் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை வாங்கில் இருப்பது.

"முதலாவது கோல்கீப்பருக்கு ஒருநாளும் வருத்தம் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஒரு தடிமன், காய்ச்சல் கூட வரவில்லை" என்றார் ஜெர்மனில், முழுக் கவலையோடு.

ஒரே ஒருநாள் வந்தது. மட்ச் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது முதலாவது ஆளின் பெருவிரல் உடைந்தது. இவர் ஓடினார். வந்த பந்துகளில் இரண்டைத் தடுத்தார், ஒன்று காலுக்கிடையால் போனது. கவுண்டி தோற்றது. தடுத்த இரண்டும் ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. போன ஒன்றைப் பற்றித் தவறணையில் இன்றைக்கும் கதைப்பார்களாம். இதைச் சொல்லிவிட்டு, ஊறுகாய்ப் போத்தலைச் சோற்றுப்பானைக்கு முன்னால் வைத்து, அதன் பக்கத்தால் ஒரு பட்டாணியை விரலால் சுண்டிக் காட்டி, அவரே விழுந்து விழுந்து சிரித்தார். தன்னுடைய தோல்வியை இவ்வளவு வடிவாக நடித்துக் காட்டுகிற ஒருவனுக்கு மகளைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வேலை கிடைத்துப் பாசலுக்கு வந்தபோது கவுண்டியை விட்டுவிட்டார். கிளப்பை விடவில்லை. பாசலில் ஒரு களஞ்சியத்தின் பின்சுவருக்கு எதிரே தனியாகப் பந்தடித்துப் பழகிக்கொண்டு, சம்பியன்ஷிப் காலத்தில் தன் காசில் விமானம் ஏறிப் போய் விளையாடிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு நிற்பார். அன்றைக்கும் எங்கள் வீட்டிலிருந்து நேரே விமான நிலையம்தான். தோளில் கிடந்த நீளப் பையின் ரகசியம் அது.

கோடீஸ்வரன் கதை இப்படியாகச் செத்துப்போனது. ஆனால் அதன் சாம்பலிலிருந்து நான் இன்னொரு முட்டாள்தனத்தைப் பொறுக்கியெடுத்தேன். சம்பளமில்லாத விளையாட்டு பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு கலியாணத்துக்கு வழி விடும். என்னைப் படுத்திவைத்தது இந்த இரண்டாவது நம்பிக்கைதான்.

சுவிசில் இருக்கிற தமிழருக்கு ஒரு விசேஷம் உண்டு. நல்ல நாள், நல்ல முகூர்த்தம் எல்லாம் எங்களுக்குச் சனி ஞாயிறில்தான் வரும். கிரகங்களுக்கும் இங்கே வேலைநாள் உண்டு. கோவில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆனி ஆடி ஆவணி போகட்டும், புரட்டாதி கூடாது, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்றார். மண்டபமும் அன்றைக்குக் கிடைத்தது. மண்டபம் கிடைத்தால் கிரகமும் கிடைத்த மாதிரி.

வருங்கால மருமகன் போனில் கலியாண நாளைக் கேட்டுவிட்டு மகளிடம் ஏதோ சொன்னார்.

"அது இறுதிப்போட்டி நாளாம் அப்பா" என்றாள் மகள். "அவற்ர கவுண்டியில பங்குக் கிளப்புகளுக்கு நடக்கிற சம்பியன்ஷிப். தங்கட ஊரில கிளப் தோத்து வெளியில வரும்வரைக்கும் ஒருத்தரும் கலியாணத் தேதி குறிக்க மாட்டினமாம்."

"உவற்ர கிளப் இறுதிப்போட்டிக்கு வருமோ?"

இந்த முறை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் பிறந்ததிலிருந்து அந்தக் கிளப் இறுதிப்போட்டியைக் கண்டதில்லை. அநேகமாக முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். அவருடைய தாயார் மட்டும் வீடியோவில் தோன்றி, எதற்கும் இன்னொரு நாளையும் யோசித்து வையுங்கள் என்றார். மரியாதைக்குத் தலையாட்டினேன். அழைப்பிதழ் அச்சடித்து, சமையலுக்கு ஆள் பிடித்து, மணவறைக்குச் சொல்லி, வீடியோ எடுக்கிற என் கூட்டாளிக்கும் சொல்லிவிட்டேன்.

முதல் சுற்றில் வென்றார்கள்.

"தற்செயல்" என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் தற்செயலுக்கு இடமில்லை. "இஞ்சாருங்கோ, இன்னும் எத்தினை வெண்டால் அந்த ஞாயிறு?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். இல்லத்தில் அன்றைக்கு உருளைக்கிழங்குக் கூழில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். அங்கே இருக்கிற தாத்தாமார் முதல்முறையாக ருசியாக இருக்கிறது என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். மகளுடைய கலியாணத்தில் மணவறை இருக்கும், மேளம் இருக்கும், மாப்பிள்ளை இருக்கமாட்டார் என்கிற படம் ஒன்று என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அர்ச்சனைச் சீட்டு எடுத்து, தட்டை நீட்டினேன்.

"ஆற்ர பேருக்கு ஐயா?" என்றார் ஐயர்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. வெல்லவேண்டியது எதிரணி, அவர்களில் ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும், ஒரு கத்தோலிக்க விவசாயியின் நட்சத்திரத்தை நான் எங்கே போய்க் கேட்பது? பின்னால் வரிசை நின்றது. வாய்க்கு வந்தது மாப்பிள்ளையின் பெயர். அவருடைய நட்சத்திரம் பூரட்டாதி. பொருத்தம் பார்த்தபோது தாயாரிடம் பிறந்த நேரம் கேட்டு எடுத்தது. ஐயர் அந்த ஐரிஷ் பெயரைச் சமஸ்கிருதத்துக்குள் வளைத்து நுழைத்தார். நான் கண்ணை மூடி, "பிள்ளையாரப்பா, தோற்க வை. காயம் கீயம் வேண்டாம். மரியாதையான தோல்வி ஒன்று போதும்" என்று மன்றாடினேன்.

அடுத்த ஞாயிறு மருமகனுடைய ஆட்கள் அபாரமாக வென்றார்கள்.

காணிக்கை காணாதென்று நினைத்தேன். அடுத்த வெள்ளி தேங்காய் உடைத்தேன், மோதகம் கொடுத்தேன், அறுகம்புல் மாலை போட்டேன், திரும்ப அதே பெயருக்கு அர்ச்சனை. கால் இறுதியில் இன்னும் பெரிய வெற்றி. மாப்பிள்ளை கோலுக்குள் ஒன்றையும் விடவில்லையாம். அவருடைய பங்கில் வயதுபோனவர்கள் தெருவில் நின்று அழுதார்களாம். நான் வின்டர்தூரில் நின்று அழுதேன்.

வீடியோக் கூட்டாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கும் இதில் அக்கறை உண்டு. மாப்பிள்ளை இல்லாத கலியாணத்தை எந்தக் கோணத்தில் எடுப்பது?

"ஆற்ர பேருக்கு மச்சான் அர்ச்சனை செய்தனீ?"

"மருமகன்ர பேருக்கு."

அவன் கமராப் பையைக் கீழே வைத்தான். "உனக்கு விசரோடா? ஐயர் அங்க மந்திரத்தில, இந்தப் பேர், இந்த நட்சத்திரம், இவருக்குக் காரியசித்தி குடு, செயம் குடு எண்டெல்லோ கேட்டிருப்பார். நீ பின்னால நிண்டு மனசுக்க முணுமுணுத்தது பிள்ளையாருக்கு என்னெண்டு கேக்கும்? மணியெல்லோ அடிக்குது!"

"அப்ப நான்தானோ…"

"நீதான். அவை வெல்லேல்லை. நீதான் வெல்ல வைக்கிறாய். மோதகமும் குடுத்தனியோ?"

"குடுத்தனான்."

"அதுதான் அவ்வளவு பெரிய வெற்றி."

இதை அவன் தன் மனைவியிடம் சொல்லாமல் இருப்பான் என்று நினைத்தது என் மூன்றாவது முட்டாள்தனம். அன்று பின்னேரமே என் மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். "சொந்த மருமகனுக்குச் சூனியம் வைக்கிறதையும் உங்களுக்கு ஒழுங்காச் செய்யத் தெரியேல்லை" என்றாள். இனிமேல் கோவில் பக்கம் போகக்கூடாது என்று எனக்குத் தடை விழுந்தது.

சரி, தெய்வத்தால் ஆகாதது, நேரில் போய் நின்றாலாவது ஆகும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் ஆதரித்த எந்த அணியும் வென்றதில்லை. இந்தப் பலத்தை நம்பி, மருமகனுக்கு ஆதரவு கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, அரை இறுதிக்கு விமானம் ஏறினேன்.

மழை. சுற்றிவரப் பச்சை. மைதானத்தின் ஒரு பக்கம் மட்டும் கூரை. என்னுடைய மழைச்சட்டை சிவப்பு, இல்லத்தில் கொடுத்தது. மருமகனுடைய கிளப்பின் நிறம் மஞ்சளும் கறுப்பும் என்றும், எதிரணிதான் சிவப்பு என்றும் எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. சிவப்புச் சனம் என்னைக் கண்டதும் தூரதேசத்திலிருந்தே தங்களுக்கு ஆள் வந்திருக்கிறது என்று நடுவில் இழுத்து இருத்தினார்கள். ஓர் அம்மா பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்து, முட்டைச் சான்ட்விச் ஒன்றையும் கையில் வைத்தார். நான் மறுக்கவில்லை. உண்மையில் அன்றைக்கு நான் அவர்களுடைய ஆள்தானே.

வீடியோவில் கேட்காத ஒன்று நேரில் கேட்டது. மட்டையோடு மட்டை மோதும் சத்தம். விறகு பிளக்கிறபோது வருமே, அது. பந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முன்னமே அது வேறெங்கோ இருந்தது. கம்பங்களுக்கு இடையே உயரத்தால் போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் மூன்று. அந்த வலைக்கு முன்னால், தலைக்கவசத்தோடு, எங்கள் வீட்டில் பட்டாணி சுண்டிய ஆள் நின்றார். அங்கே அவர் பகிடிக்காரர் இல்லை. முன்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கத்தி நிறுத்தினார். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கடைசி நிமிடங்கள். நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். "நாங்கள்" என்று எப்போது நினைக்கத் தொடங்கினேன் என்று தெரியாது. சிவப்புக்காரன் ஒருவன் எல்லோரையும் தாண்டித் தனியாக வந்துவிட்டான். எனக்குச் சுற்றிவர எல்லோரும் எழுந்தார்கள். இது உள்ளே போனால் மகளுடைய கலியாணம் தப்பியது. மணவறை தப்பியது, மேளம் தப்பியது, என் மானம் தப்பியது. அவன் அடித்தான்.

"மறியடா! மறியடா மருமோனே!" என்று யாரோ தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. நான்தான்.

அவர் மறித்தார். மட்டையாலா, கையாலா, நெஞ்சாலா தெரியாது. பந்து மேலே போனது, விசில் ஊதியது. நான் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தேன். சுற்றிவரச் சிவப்புச் சட்டைகள் அசையாமல் என்னைப் பார்த்தன. அந்த அம்மா என் கையிலிருந்த பாதிச் சான்ட்விச்சைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அதைப் பார்த்தார்.

வேலியைத் தாண்டிச் சனம் மைதானத்துக்குள் ஓடியது. நானும் போனேன். மாப்பிள்ளையின் தகப்பனார் மாடு வளர்க்கிறவர். அதிகம் பேசாத மனிதர். முகமெல்லாம் நனைந்து நின்றவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற கிளப்காரர்களுக்கு என்னை அறிமுகம் செய்தார். ஒவ்வொருவரும் கை தந்து, "கலியாணம் ஞாயிற்றுக்கிழமை, இல்லையா?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒருவராவது என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அவரே வந்தார். சேறு, வேர்வை. மோதிரவிரல் இப்போது நேரே வடக்கைப் பார்த்தது.

"மாமா, பயப்பிடாதேங்கோ" என்றார் தமிழில். மகள் சொல்லிக்கொடுத்த தமிழ். மிச்சத்தை எங்கள் பொது ஜெர்மனில் சொன்னார். "நான் வாக்குக் கொடுத்த நாள். அன்றைக்கு மணவறையில் இருப்பேன். அணிக்கும் சொல்லிவிட்டேன். எங்களிடம் இரண்டாவது கோல்கீப்பர் இருக்கிறார். நல்ல ஆள். இவ்வளவு நாளும் வாங்கில் இருந்தவர்." மட்டையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு, "அவருக்கும் ஒரு நாள் வரவேண்டும்தானே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. ஊறுகாய்ப் போத்தலோடு சிரித்த சிரிப்பை நான் கண்டவன்.

திரும்பி வரும் விமானத்தில் ஒரு முடிவோடுதான் ஏறினேன். அவர் அந்த மட்சை விளையாடத்தான் வேண்டும். காலையில் தாலி, மத்தியானம் விமானம், பின்னேரம் மட்ச் என்று முதலில் ஒரு திட்டம் போட்டேன். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொன்னேன்.

"தாலி கட்டின கையோட பிளேனுக்கு ஓடுறதோ? அதுவும் முகூர்த்தம் முடிய, அவை மைதானத்தில நிக்கவேண்டிய நேரம். கணக்குத் தெரியாதோ உங்களுக்கு?" என்றாள். பிறகு, நான் எதிர்பாராமல், "திங்கட்கிழமை பாருங்கோவன்" என்றாள்.

"திங்கட்கிழமை ஆரப்பா கலியாணம் வைக்கிறது?"

"வைக்காட்டில், உந்தப் பெடியன் வாழ்நாள் முழுக்க எங்கட வீட்டில வந்திருந்து அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைச்சுக்கொண்டு புட்டுச் சாப்பிடும். எனக்கு அதைப் பாக்கேலாது."

ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, திங்கட்கிழமை ஆகுமோ என்று கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "திங்களோ? சோமவாரம். மத்தியானத்துக்கு முன்னம் அருமையான முகூர்த்தம் கிடக்கு. ஞாயிறைவிடத் திறம்."

"பிறகேன் ஐயா எனக்கு ஞாயிறு தந்தனீங்கள்?"

"நீங்கள் சனி ஞாயிறு பாக்கச் சொன்னனீங்கள். கேட்டதைத் தந்தனான்."

அடுத்தது மண்டபத்துப் பொறுப்பாளர். சுவிஸ்காரர். குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டாலே கூப்பிட்டு வகுப்பெடுக்கிறவர். என் ஜெர்மன் அன்றைக்கு முழுவதாகக் கழன்று போயிற்று. மருமகன், அயர்லாந்து, மட்டை, சம்பளமில்லை, பங்கு, இறுதிப்போட்டி என்று சொற்களை ஒவ்வொன்றாக அவருக்கு முன்னால் கொட்டினேன். எனக்கு விளங்க மாதக்கணக்கு எடுத்ததை அவர் அரை நிமிடத்தில் விளங்கிக்கொண்டார்.

"எங்கள் கிராமத்தில் சுவிங்கன் இருக்கிறது" என்றார். மரத்தூளுக்குள் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டி, வென்றவன் ஒரு காளைமாட்டைப் பரிசாகக் கொண்டுபோகிற சுவிஸ் விளையாட்டு அது. "அந்த விழா நாளில் கலியாணம் வைத்தவனுடைய வீட்டுக்கு நாங்கள் இன்றைக்கும் போவதில்லை. திங்கள் மண்டபம் சும்மாதான் கிடக்கும். எடுத்துக்கொள்ளுங்கள்."

மற்றதெல்லாம் தொலைபேசி. சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் எடுத்து, "கலியாணம் திங்கட்கிழமை" என்று சொல்லவேண்டும். "ஏன், மாப்பிள்ளைக்கு என்னவும் பிரச்சினையோ?" என்று ஆசையோடு கேட்டார்கள். "விளையாட்டு" என்றேன். "உந்தக் கோடீஸ்வரன்தானே, கனக்கக் காசு வருமாக்கும்" என்றார்கள். அதற்கு மேல் திருத்த எனக்குத் தெம்பில்லை. சமையல்காரர் ஒத்துக்கொண்டார், மேளகாரர் திங்கள் சும்மா என்றார், வீடியோக் கூட்டாளி வேலையிடத்தில் முதுகுவலி என்று சொல்வதாகச் சொன்னான்.

கடைசியாக மகளுக்குச் சொன்னேன். இந்த வாரம் முழுக்க அவள், கலியாண நாளை மாற்றுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கவில்லை.

"நீங்களோ அப்பா மாத்தினது?"

"ஓம்."

"பயமாய் இருக்கேல்லையோ?"

"இப்பவும் கை நடுங்குது. அதுதான் போன் ஆடுது."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு அவர் போனை வாங்கி, "மாமா" என்றார். அவ்வளவுதான்.

மனைவி கோவில் தடையை எடுத்துவிட்டாள். "இந்த முறையாவது ஒழுங்காச் செய்யுங்கோ" என்றாள். இறுதிப்போட்டிக்கு முதல் வெள்ளி, முழுகி, வேட்டி கட்டி, சீட்டெடுத்து, மாப்பிள்ளையின் பெயரையும் பூரட்டாதியையும் கணீரென்று சொன்னேன். தேங்காய், மோதகம், அறுகம்புல், ஒன்றும் குறைவில்லை. மணி அடிக்கும்போது வாய்விட்டே கேட்டேன், கூட்டாளி சொன்ன குறை இருக்கக்கூடாதென்று. "பிள்ளையாரப்பா, வெல்ல வை."

ஞாயிறு பின்னேரம் நாங்கள் மண்டபத்தில் மணவறை கட்டிக்கொண்டிருந்தோம். போனை வாழைக்குலையில் சாத்தி வைத்து, பொறுப்பாளர், கூட்டாளி, மனைவி, மகள், நான் எல்லோரும் பார்த்தோம்.

ஒரு புள்ளியால் தோற்றார்கள்.

இறுதிப்போட்டிக்கு அடுத்த திங்கள், வென்றாலும் தோற்றாலும், அந்தப் பங்கில் எவரும் வேலைக்குப் போவதில்லையாம். அதனால் பாதி அணியும், இரண்டாவது கோல்கீப்பரும், தாய் தகப்பனும், அக்காவும் மாப்பிள்ளையோடு அதே விமானத்தில் வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில் லீவு கிடைத்தவர்கள் வந்தார்கள். மண்டபம் முக்கால்வாசி நிறைந்தது. மாப்பிள்ளையின் இடதுகையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருந்தது. முதல் முடிச்சை அவர் போட்டார். மற்ற இரண்டையும் அவருடைய அக்கா போட்டார்.